ஷூ என்ற எழுத்தின் பின்பாதி

ஜியென் சு-ஜென் எங்கள் அலுவலகத்தில் இருபத்தாறு வருடம் வேலை பார்த்தார். அதில் பதினேழு வருடம் நான் அவருக்குப் பக்கத்து மேசையில் உட்கார்ந்திருந்தேன். என்னைவிட ஒரு வயது மூத்தவர் என்பதால் "சு-ஜென் அக்கா" என்றுதான் கூப்பிடுவேன். அவர் என்னை வெறும் "லாய்" என்பார்.

யுன்லின் கடற்கரைப் பக்கம், சிப்பி வளர்ப்பவர்களின் மகள். வணிகப் பள்ளி முடித்ததும் தாய்சுங் நகரத்துக்கு வந்து, உழவர் சங்கம் ஒன்றில் தரவு தட்டும் வேலைக்குச் சேர்ந்தார். நாள் முழுக்க உறுப்பினர் பெயரும் வயல் எண்ணும் தட்டுவார். தட்டியதை ஒரு நிரல் தேடி எடுப்பதையும், சில சமயம் எடுக்க முடியாமல் முழிப்பதையும் பார்த்துப் பார்த்து, அதன் உள்ளே என்னதான் இருக்கிறது என்று அவருக்கு ஓர் அரிப்பு வந்துவிட்டது. சி என்ற கணினி மொழிக்கான புத்தகம் ஒன்றை நகலெடுத்து, அகராதியை மடியில் வைத்துக்கொண்டு, பேருந்தில் போகும்போதும் வரும்போதும் படித்தார். மருத்துவமனைகளுக்கு மென்பொருள் எழுதிக்கொடுக்கும் எங்கள் சிறிய நிறுவனத்துக்கு அவர் வந்தபோது, பட்டம் எதுவும் இல்லை என்று முதலாளி காவ் தயங்கினார். சு-ஜென் அக்கா அவருடைய கணினியிலேயே உட்கார்ந்து, ஏற்கெனவே அங்கே ஓடிக்கொண்டிருந்த நோயாளித் தேடலில் இருந்த ஒரு கோளாறை முக்கால் மணி நேரத்தில் கண்டுபிடித்துக் காட்டினார். அன்றைக்கே வேலை கிடைத்தது.

அந்தக் கோளாறைப் பற்றிச் சொன்னால்தான் மற்றது புரியும். அந்தக் காலத்தில் எங்கள் சீன எழுத்து ஒவ்வொன்றும் கணினிக்குள் இரண்டு பைட் இடம் எடுக்கும்; ஒவ்வொரு பைட்டும் ஓர் எண். சி மொழிக்கு அது தெரியாது. அது ஒவ்வொரு பைட்டாக எட்டிப் பார்த்துக்கொண்டே போகும். அதனால் ஓர் எழுத்தின் பின்பாதியும் அடுத்த எழுத்தின் முன்பாதியும் சேர்ந்து, தேடுகிற எழுத்தைப் போலவே தோன்றினால், "கிடைத்தது" என்று பொய் சொல்லும். சு-ஜென் அக்கா கண்டுபிடித்தது அதைத்தான். அதைவிடப் பெரிய தலைவலி ஒன்று இருந்தது. ஷூ என்கிற குடும்பப் பெயரை எழுதும் எழுத்தின் பின்பாதியும், விசைப்பலகையில் இருக்கும் பின்சாய்வுக் கோடும் ஒரே எண். பின்சாய்வுக் கோட்டைக் கண்டால் பல நிரல்கள் அதை எழுத்தாகவே எண்ணாமல், ஏதோ ஒரு சைகை என்று எடுத்து விழுங்கிவிடும். ஷூ குடும்பத்தாருக்குப் பாதிப் பெயர்தான் மிஞ்சும். அந்தப் பாதி பக்கத்து எழுத்தின் பாதியோடு ஒட்டிக்கொண்டு, அதற்குப் பிறகு வருவது எல்லாமே குலைந்துபோகும்.

எங்கள் தீவில் இந்தத் தொழிலில் இருந்தவர்கள் எல்லாருக்கும் இது தெரியும். சிரித்துக்கொண்டே பேசுவோம். ஒரு மருத்துவமனையின் தலைமைச் செவிலிக்கே ஷூ என்று பெயர். வாரம் தவறாமல் தொலைபேசியில் அழைப்பார்.

"சு-ஜென், இன்னிக்கு உங்க புண்ணியத்துல என் பேரு என்ன தெரியுமா? பாதி மீன், ஒரு கேள்விக்குறி. இப்படியே கையெழுத்துப் போடட்டுமா?"

"அதுக்கு முன்னாடி எனக்கு அனுப்புங்க அக்கா. உங்களுக்கு நல்ல பேரா வெச்சு அனுப்பறேன்."

தொண்ணூற்றொன்றில் அக்கா இதற்கு ஒரு முடிவு கட்டினார். இரண்டு பைட்டுகளையும் சேர்த்தே படிக்கும் ஃபங்ஷன்களை, அதாவது சின்னச் சின்ன நிரல் துண்டுகளை, எழுதி, பெயர் தேடும் நிரல்களில் எல்லாம் மாற்றினார். ஒவ்வொரு ஃபங்ஷனையும் ஒரு பள்ளி நோட்டில், தேதி போட்டுக் கையால் எழுதி வைப்பது அவர் வழக்கம். பைட்டுகளை எண்ணும்போது கட்டை விரலால் மற்ற விரல்களின் கணுக்களைத் தொட்டுத் தொட்டு எண்ணுவார். அவர் தந்தை சிப்பிக் கயிறுகளை அப்படித்தான் எண்ணுவாராம்.

தொண்ணூற்றொன்பது செப்டம்பரில் நிலம் நடுங்கியது.

எங்கள் அலுவலகத்தில் ஜன்னல்கள்தான் போயின. ஆனால் மலையடிவார ஊர்களில் தெருத் தெருவாகக் கட்டடங்கள் படுத்துவிட்டன. அடிபட்டவர்களை யார் யாரோ எந்தெந்த வண்டியிலோ ஏற்றி, இடம் இருந்த மருத்துவமனைக்கெல்லாம் கொண்டுபோயிருந்தார்கள். யார் எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை. உறவுக்காரர்கள் ஒரு மருத்துவமனை வாசலில் இருந்து இன்னொன்றுக்கு ஓடிக்கொண்டிருந்தார்கள். ஒரு பள்ளி உடற்பயிற்சிக் கூடத்தில் தொண்டர்கள் தகவல் மேசை ஒன்றைத் தொடங்கியபோது, எல்லா மருத்துவமனைப் பட்டியல்களையும் ஒன்றாகச் சேர்த்து ஒரே இடத்தில் பெயர் தேடித் தர முடியுமா என்று முதலாளி காவிடம் கேட்டார்கள். காவ் சு-ஜென் அக்காவைப் பார்த்தார்.

"நாளைக்கு மத்தியானத்துக்குள்ள முடியுமா?"

"இன்னிக்குச் சாயங்காலமே முடியணும். அங்க நிக்கறவங்கள்லாம் நாளை வரைக்கும் எப்படி நிப்பாங்க?" என்றார் அக்கா.

பட்டியல்கள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு வடிவில் நெகிழ்வட்டுகளில் வந்தன. அவற்றை வரி வரியாகப் படிக்க ஒரு ஃபங்ஷன் வேண்டும். புதிதாக எழுத நேரமில்லை. மேசையில் குவிந்து கிடந்த நோட்டுகளில் ஒன்றைப் புரட்டி, வரி படிக்கும் ஃபங்ஷன் ஒன்றைப் பார்த்துத் தட்டினார். அது எண்பத்தெட்டில், மருந்துப் பட்டியல்களுக்காக எழுதியது. அந்தப் பட்டியல்களில் வரி நீண்டுபோனால் முடிவில் பின்சாய்வுக் கோடு போட்டு அடுத்த வரியில் தொடர்வார்கள்; அந்தக் கோட்டை எங்கே கண்டாலும் விழுங்கிவிடுவது அந்த ஃபங்ஷனின் வேலைகளில் ஒன்று. அக்கா அதை மறந்துவிட்டார். சோதனைக்காக எங்கள் பெயர்களை ஒரு பட்டியலில் சேர்த்துவிட்டுத் தன் பெயரைத் தேடினார், கிடைத்தது. என் பெயர், காவ் பெயர், எங்கள் கணக்காளர் பெயர், எல்லாம் கிடைத்தன. எங்களில் ஷூ யாரும் இல்லை.

சாயங்காலம் ஐந்தரைக்கு உடற்பயிற்சிக் கூடத்தில் தேடல் ஓடத் தொடங்கியது. நான் விசைப்பலகையில் உட்கார்ந்தேன். வருகிறவர்கள் சீட்டில் பெயர் எழுதித் தருவார்கள், நான் தட்டுவேன். முதல் பெயரே கிடைத்தது. ஒரு பெண் தன் மாமியார் இருக்கும் வார்டு எண்ணைக் கேட்டதும் செருப்பை அங்கேயே விட்டுவிட்டு ஓடினாள். அன்று எழுபதுக்கும் மேல் கிடைத்தன. அக்கா என் பின்னால் நின்று, பெட்டிச் சோற்றைக் கையில் வைத்துக்கொண்டு சாப்பிடாமலே பார்த்துக்கொண்டிருந்தார். அன்றைக்குப் போல் அவர் முகம் மலர்ந்து நான் பார்த்ததில்லை.

இரண்டாம் நாள் காலையில் ஒருவர் வந்தார். ஐம்பத்தைந்து வயது இருக்கும். பேரிக்காய் ஏற்றும் லாரி ஓட்டுபவர் என்று பிறகு தெரிந்தது. கை முழுக்கச் சிமெண்ட் தூசி. பெயர் ஜான் ஃபா-யுவென், ஊர் தோங்ஷி. எழுதப் படிக்க அதிகம் தெரியாதவர் என்பது அவர் பேனாவைப் பிடித்த விதத்திலேயே தெரிந்தது. ஷூ மான்-மெய் என்று ஒவ்வொரு கோடாக எழுதினார். அவர் மனைவி. மகளைப் பெற்றெடுத்த தன் தங்கைக்குப் பத்தியச் சமையல் செய்துபோட நகரத்துக்குப் போயிருந்தார். தங்கை இருந்த கட்டடம் விழுந்துவிட்டது.

தட்டினேன். பொருந்தும் பெயர் இல்லை.

"இன்னொரு தடவை பாரு தம்பி."

பார்த்தேன். குடும்பப் பெயரை விட்டுவிட்டு மான்-மெய் என்று மட்டும் தேடினேன். அதுவும் இல்லை. குடும்பப் பெயர் மட்டும் போட்டுத் தேடியிருந்தால், ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெயர்களில் ஒரு ஷூகூட இல்லையே என்று எனக்கு உறைத்திருக்கும். தேடவில்லை. பின்னால் நாற்பது பேர் வரிசையில் நின்றார்கள்.

மூன்றாம் நாளும் வந்தார். நான்காம் நாளும் வந்தார். நான்காம் நாள் கொண்டுவந்த சீட்டில் பெயர் அழகாக, கட்டம் போட்ட தாளில் எழுதியிருந்தது. யாரோ பள்ளி ஆசிரியையிடம் எழுதி வாங்கியிருந்தார். அன்றும் இல்லை என்றேன். "சரி, அப்ப அந்தப் பக்கம்தான் போய்ப் பாக்கணும்" என்றார். பிணங்கள் வைத்திருந்த குளிர்பதன லாரிகளைத்தான் சொன்னார்.

ஆறாம் நாள், கையில் கட்டுப் போட்ட ஓர் இளைஞர் மேசைக்கு வந்து நின்றார்.

"என் பேரை அடிங்க. ஷூ வெய்-லுன்."

அடித்தேன். இல்லை.

"இல்லையா? அஞ்சு நாளா நாலாவது மாடியில படுத்திருந்தேன். எங்க அம்மா இங்க வந்து அழுதுட்டுப் போயிருக்காங்க. உயிரோட நிக்கறேன் பாருங்க. உங்க மெஷினுக்கு மட்டும் நான் செத்துட்டேனா?" என்று சிரித்தார். பின்னால் நின்ற அவருடைய அம்மாவும் சிரித்தார்.

சு-ஜென் அக்கா சிரிக்கவில்லை. "ஷூவா?" என்று மட்டும் கேட்டார். என்னை எழுப்பிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்து, மருத்துவமனை அனுப்பிய மூலக் கோப்பையும் தன் நிரல் படித்துவைத்த கோப்பையும் அருகருகே திறந்தார். கட்டை விரல் கணுக்களில் நகர்ந்தது. பாதியில் நின்றது.

முப்பத்தொரு பெயர்கள் சிதைந்திருந்தன. பெரும்பாலும் ஷூக்கள், பெயருக்குள் வேறு எழுத்தின் பின்பாதி அதே எண்ணாக இருந்த சிலரும் உண்டு. நிரலை அரை மணி நேரத்தில் சரிசெய்துவிட்டு, தேடி வந்தவர்களை நான் எழுதிவைத்திருந்த நோட்டோடு முப்பத்தொரு பெயர்களையும் ஒப்பிட்டோம். ஒன்பது பேரைத் தேடி ஆட்கள் வந்திருந்தார்கள். எல்லாருக்கும் தொலைபேசி போட்டோம். எட்டுப் பேர் ஏதோ ஒரு வழியில் வீட்டாரோடு சேர்ந்துவிட்டிருந்தார்கள். ஒன்பதாவது பெயர் திரையில் எப்படி இருந்தது என்பது எனக்கு இன்னும் கண்ணில் இருக்கிறது. 'கடைசியில்' என்று பொருள்படும் ஓர் எழுத்து, ஒரு மேற்கோள் குறியின் தொடக்கம், பிறகு ஆங்கில எஃப். அது ஷூ மான்-மெய்.

அவரைச் சேர்த்திருந்த மருத்துவமனை, ஜான் வந்து நின்ற கூடத்தில் இருந்து ஸ்கூட்டரில் இருபது நிமிடம். முதல் நாளே சேர்த்திருந்தார்கள். மூன்றாம் நாள் வரை நினைவோடு இருந்தார். நான்காம் நாள் மாலை இறந்தார். ஐந்தாம் நாள், தங்கையின் மைத்துனர் ஒருவர் வார்டில் கையால் எழுதிய பதிவேட்டைப் பார்த்து ஜானுக்குச் சொல்லி அனுப்பியிருந்தார்.

அலுவலகத்தில் முதலாளி காவ் கதவைச் சாத்திவிட்டுப் பேசினார். கெட்ட மனிதரில்லை.

"சு-ஜென், நீ பண்ணினது நூத்துக்கணக்கான பேருக்கு உதவியிருக்கு. அந்த மனுஷனுக்கு மனைவி போனது தெரிஞ்சாச்சு. இப்பப் போய் கம்ப்யூட்டர் கதையைச் சொன்னா அவங்க திரும்பி வரப்போறாங்களா? ஆறப்போற புண்ணை எதுக்குக் கிளறணும்?"

"அவர் மூணு தடவை வந்து கேட்டார். மூணு தடவையும் நாம பொய் சொல்லியிருக்கோம்."

"பொய் இல்லையே. தவறு."

"அதை அவர்கிட்ட நான் சொல்லிக்கறேன்," என்று அக்கா எழுந்துவிட்டார்.

நானும் போனேன். தோங்ஷியில் ஆற்றங்கரைப் பள்ளி மைதானத்தில் கூடாரங்கள். ஜான் ஒரு பிளாஸ்டிக் முக்காலியில் உட்கார்ந்து, இடிபாட்டில் இருந்து எடுத்த சட்டிகளை ஒவ்வொன்றாகத் துடைத்துக்கொண்டிருந்தார். என்னை அடையாளம் கண்டுகொண்டு, "வா தம்பி, உக்காரு" என்று இடம் காட்டினார். அந்த மரியாதை எனக்குத் தாங்கவில்லை.

அக்கா உட்காரவில்லை. தான் யார், என்ன எழுதினார், எப்படிப் பிழையானது என்று நின்றபடியே சொன்னார். ஓர் எழுத்துக்கு இரண்டு பாதி என்பதை இரண்டு கைகளையும் சேர்த்துக் காட்டினார். ஒரு கையை எடுத்துவிட்டு, "இந்தப் பாதியை என் நிரல் தூக்கிப் போட்டுடுச்சு ஐயா" என்றார். இந்த எழுத்தில் இப்படி ஆகும் என்று எட்டு வருடத்துக்கும் மேலாகத் தனக்குத் தெரியும் என்பதையும், அவசரத்தில் பழைய நோட்டைப் புரட்டியதையும் மறைக்காமல் சொன்னார்.

ஜான் துணியைக் கீழே வைத்தார்.

"அப்ப நான் வந்து கேட்டப்ப அவ இருந்தாளா?"

"இருந்தாங்க."

"முதல் தடவை வந்தப்ப?"

"இருந்தாங்க. பேசிட்டு இருந்தாங்க."

"மூணாவது தடவை?"

"அன்னிக்குச் சாயங்காலம் வரைக்கும் இருந்தாங்க ஐயா."

அவர் என் பக்கம் திரும்பினார். "நீதானே அடிச்சே?"

"நான்தான்."

"நான் எழுதிக் குடுத்தது சரியா இருந்துதா?"

எனக்கு முதலில் கேள்வி புரியவில்லை. அவர் சட்டைப் பையில் இருந்து அந்த மூன்று சீட்டுகளையும் எடுத்தார்; திருப்பி வாங்கிப் போயிருக்கிறார் போல. முதல் சீட்டை நீட்டினார்.

"நான் பள்ளிக்கூடம் போனது ரெண்டு வருஷம். அவ பேருல ஒரு கோடு விட்டுட்டேனோ, அதனாலதான் கிடைக்கலியோன்னு அஞ்சு நாளா... முப்பது வருஷம் கூட இருந்தவ பேரை ஒழுங்கா எழுதத் தெரியல பாருன்னு என்னையே செருப்பால அடிச்சுக்கணும்போல இருந்துது. அதான் டீச்சர்கிட்ட எழுதி வாங்கிட்டு வந்தேன்."

அக்கா அந்தச் சீட்டை வாங்கிப் பார்த்தார். "முதல் சீட்டே சரி ஐயா. ஒரு கோடுகூடத் தப்பில்லை. நீங்க சரியாத்தான் எழுதியிருக்கீங்க."

ஜான் தலையைக் குனிந்துகொண்டார். தோள் குலுங்கியது. நாங்கள் நின்றுகொண்டிருந்தோம். பக்கத்துக் கூடாரத்தில் யாரோ வானொலியைத் தணித்தார்கள்.

"நர்ஸ் சொன்னாங்க," என்றார் பிறகு. "ரெண்டாம் நாள் அவ ஒரு சேதி சொல்லச் சொன்னாளாம். மழைக்கோட்டு லாரி சீட்டுக்கு அடியில இருக்குன்னு. ஒரு மாசமா தேடிட்டு இருந்தேன். இருக்கு. போய்ப் பாத்தேன், அங்கதான் இருக்கு."

முகத்தைத் துடைத்துக்கொண்டு அக்காவை நிமிர்ந்து பார்த்தார். குரல் மாறியிருந்தது.

"மன்னிச்சுட்டேன்னு சொல்லணும்னு வந்தியா?"

"இல்லைங்க."

"நல்லது. ஏன்னா என்னால முடியாது. போயிட்டு வாங்க."

அக்கா மறுநாள் வேலைக்கு வந்தார். அதற்கடுத்த நாளும் வந்தார். ஆனால் முன்பு போல் படிக்கட்டில் உட்கார்ந்து எங்களோடு சாப்பிடுவது நின்றுபோனது. எண்பத்தெட்டில் இருந்து தான் எழுதிய ஒவ்வொரு ஃபங்ஷனையும் எடுத்து, அது எந்த மருத்துவமனையில் எந்த நிரலுக்குள் இருக்கிறது என்று ஒரு பட்டியல் போட்டார். பிறகு ஒவ்வொரு இடமாகப் போனார். சரிசெய்ததோடு நிற்காமல், ஏற்கெனவே சிதைந்து பதிந்திருந்த பெயர்களை மூலத் தாள்களோடு ஒப்பிட்டுக் கையாலேயே திருத்தினார். அதற்கு ஒன்றரை வருடம் பிடித்தது.

அது நடந்துகொண்டிருந்தபோதே, நவம்பரில், ஜான் எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். நாங்கள் யாரும் எதிர்பார்க்கவில்லை. மருத்துவமனை அச்சிட்டுக் கொடுத்த சிகிச்சைச் சுருக்கத்தை மேசையில் வைத்தார். அதுவும் எங்கள் நிரல் அச்சிட்டதுதான். சிதைந்த கோப்பை யாரோ அங்கே திரும்ப ஏற்றியிருக்கிறார்கள். பெயர் இருக்க வேண்டிய இடத்தில் அந்த மேற்கோள் குறியும் எஃப்பும்.

"இது என் பொண்டாட்டி பேரு இல்லைம்மா."

"இல்லைங்க. உக்காருங்க."

சு-ஜென் அக்கா மருத்துவமனைக்குத் தொலைபேசி செய்து, பதிவைத் திறக்கவைத்து, தானே அங்கு வருவதாகச் சொன்னார். ஜானின் லாரியிலேயே போனார்கள். நானும் பின்னால் ஸ்கூட்டரில் போனேன். பதிவு அறையில் ஜான் அவருடைய தோளுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா முதல் பைட்டைக் காட்டினார், இரண்டாவது இடத்தில் தொலைந்துபோனதைச் செருகினார். திரையில் ஷூ என்ற எழுத்து வந்தது. மற்ற இரண்டும் தாமாகவே அவற்றின் இடத்தில் போய் உட்கார்ந்தன. ஜான் திரைக்கு மிக அருகில் குனிந்து, கோடுகளை விரலால் தொடாமல் தொட்டு எண்ணினார்.

"இனிமே வேற யாருக்கும் இப்படி ஆகாதுன்னு சொல்ல முடியுமா?"

"என் கை பட்ட இடத்துல ஆகாது. மத்த இடத்துக்கு என்னால சொல்ல முடியாது ஐயா."

"மத்த இடத்துல யார் எழுதறாங்க?"

"என்னை மாதிரி ஆளுங்கதான்."

"அப்ப அவங்களுக்குச் சொல்லு" என்றார்.

அதற்குப் பிறகுதான் அக்கா அந்தக் கடிதத்தை எழுதினார். பின்பாதியில் அந்த எண் வருகிற எழுத்துகள் எல்லாவற்றையும் வரிசைப்படுத்தி, சரியாகப் படிக்கும் ஃபங்ஷனை முழுதாக எழுதி, கடைசியில் ஒரு பக்கத்தில், ஜானின் பெயரை மட்டும் விட்டுவிட்டு, நடந்தது அத்தனையும் எழுதினார். கீழே தன் முழுப் பெயர். நூற்று இருபதுக்கும் மேற்பட்ட நிறுவனங்களுக்கு அனுப்பினார். முதலாளி காவ் தலையில் கைவைத்துக்கொண்டார். வாடிக்கையாளர் இரண்டு பேர் எங்களை விட்டுப் போனார்கள். "இது சின்னப் பிள்ளைங்களுக்கே தெரியுமே, இதுக்கு ஒரு கடுதாசியா?" என்று எழுதினார் ஒருவர். வேறு பதினாலு பேர், தங்கள் நிரல்களிலும் அது இருந்தது, எடுத்துவிட்டோம் என்று எழுதினார்கள். ஒரு நிறுவனத்தில் அது அவசர ஊர்தி அனுப்பும் நிரலுக்குள் இருந்ததாம்.

அந்தப் பதினாலு கடிதங்களையும் அக்கா ஒரு சனிக்கிழமை மதியம் தோங்ஷிக்கு எடுத்துக்கொண்டு போனார். ஜான் புது வீட்டுக்கு அஸ்திவாரம் போட்டுக்கொண்டிருந்தார். கடிதங்களைத் தன்னால் படிக்க முடியாது, வாசித்துக் காட்டு என்றார். அக்கா ஒவ்வொன்றாக வாசித்தார். முடிந்ததும் ஜான் லாரியில் இருந்து ஒரு பெட்டிப் பேரிக்காயை இறக்கி அவருடைய ஸ்கூட்டரில் கயிற்றால் கட்டிவிட்டார். கட்டு நன்றாக இறுகியிருக்கிறதா என்று இரண்டு முறை அசைத்துப் பார்த்தார்.

திங்கட்கிழமை அந்தப் பேரிக்காய்களை அலுவலகத்துக்குக் கொண்டுவந்து எல்லாருக்கும் அரிந்து கொடுத்தார் அக்கா. அவரும் எங்களோடு படிக்கட்டில் உட்கார்ந்து இரண்டு துண்டு சாப்பிட்டார்.